தெரிந்த ஒருவருக்காக ஒரு போராட்டம்

எங்கள் சிறுதொழில் சங்கத்தில் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் அதைத்தான் முதலில் சொன்னார்கள். அச்சகத்துக்காரருக்கு ஒன்றுமில்லை, பாவம், அவருடைய சித்தப்பா மகன்தான் மாட்டிக்கொண்டான். அட்டைப்பெட்டி செய்கிறவருக்கு ஒன்றுமில்லை, அவரோடு படித்த ஒருவருக்குத்தான் கஷ்டம். தலைவர் சோப்புத்தூள் வியாபாரி. அவர் ஒரு படி மேலே போய், தனக்குத் தெரிந்த யாருக்கும்கூட இந்தத் தொல்லை இல்லை, பொது நன்மைக்காகத்தான் தூக்கம் கெடுகிறேன் என்பார். செயலாளர் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் சங்கத்தில் சேர்ந்தாராம். எங்கள் பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன பாட்டு டீச்சர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் வாழ்நாளில் யாருக்கும் பில் போட்டதில்லை.

பில்தான் இந்தக் கதைக்கே மூலம். எங்களுக்கு சலவைத் தொழில். ஊர்த் துணி இல்லை, ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறை அங்கி என்று தினமும் ஒரு வண்டி அழுக்கு வரும், ஒரு வண்டி வெள்ளை போகும். விரிப்பு ஒரு மணி நேரம் தாமதமானால் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் போன் செய்வார்கள். பணம் மட்டும் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அதைக் கேட்டு நாம் போன் செய்தால் நான்கு பேரும் சாப்பிடப் போயிருப்பார்கள். மூன்று மாதம் பொறுக்கச் சொல்லி கரண்டு ஆபீசிடமும், இஸ்திரி மெஷினில் நிற்கும் பெண்களிடமும் பேச முடியுமா? அதனால் ஊரில் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஆஸ்பத்திரிக்குப் போட்ட பில்லை ஒரு பைனான்ஸ் கம்பெனியிடம் விற்றோம்.

அவர்கள் பில்லில் முக்கால்வாசியை உடனே தருவார்கள். ஆஸ்பத்திரி பணம் கொடுக்கும்போது முழுவதையும் அவர்களே வாங்கிக்கொண்டு, தங்கள் கட்டணத்தைக் கழித்து மீதியைக் கொடுப்பார்கள். கேட்பதற்கு யோக்கியமாகத்தான் இருந்தது. பிறகுதான் கட்டணங்கள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன. பில்லைப் பார்த்ததற்கு ஒரு கட்டணம். இந்த மாதம் பார்ப்பதற்கு பில் இல்லையென்றால் அதற்கு ஒரு கட்டணம். போதுமடா சாமி, விட்டுவிடுங்கள் என்றால் விடுவதற்கு ஒரு கட்டணம், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஜாமீனாக என் வீட்டை எழுதிக் கொடுத்திருந்தோம். என் வீடு என்று அழுத்திச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் கம்பெனி கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கிழித்து நான் வாங்கிய வீடு.

புகார் கொடுக்கப் போனேன். கடன்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு மிகவும் அன்பாகத் திருப்பித் தந்தார். நீங்கள் கடனே வாங்கவில்லையே அம்மா, பில்லை அல்லவா விற்றிருக்கிறீர்கள், விற்றவருக்கு என்ன குறை என்று கேட்டார். விற்பனைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனால், இது பணச் சமாச்சாரம், இங்கே மிக்ஸியும் செருப்பும்தான் பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அந்த பைனான்ஸ் கம்பெனி சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தை அடைக்கச் சட்டம் வேண்டும் என்பதுதான் எங்கள் சங்கத்தின் கோரிக்கை. கோரிக்கையில் ஒரு குற்றமும் இல்லை. கோரியவர்களைத்தான் சொல்லவேண்டும்.

ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்றால், பில்லை விற்றது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் கையில் காசில்லாதவன் என்று பெயர் வந்துவிடும். போதாததற்கு, பில்லை யாரிடமாவது விற்றால் ஒப்பந்தம் ரத்து என்று ஆஸ்பத்திரி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பைனான்ஸ் கம்பெனி இதற்கும் ஒரு வழி வைத்திருந்தது, அதற்கும் ஒரு கட்டணம். ஆஸ்பத்திரியிடம் பணம் கேட்டுப் பேசும்போது அவர்களுடைய ஆள் எங்கள் ஆளாகவே பேசுவாள். பில்லின் கீழே 'கணக்குப் பிரிவு' என்று ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த நம்பரை எடுப்பது அவள்தான். எங்கள் சலவை நிலையத்தில் கணக்குப் பிரிவு என்று ஒன்று உண்டு என்றால் அது பாய்லருக்குப் பக்கத்தில் நான் உட்காரும் ஸ்டூல்தான்.

வேலை தொடங்குமுன் அந்தப் பெண் ஒருநாள் முழுவதும் என்னோடு உட்கார்ந்து எங்களைப் படித்தாள். எந்த மெஷின் அடிக்கடி நிற்கும், டிரைவர் எப்படிப்பட்டவர், எல்லாம் கேட்டாள். பாய்லருக்கு நாங்கள் பெரியப்பா என்று பெயர் வைத்திருக்கிறோம், நாள் முழுக்க இருமிக்கொண்டு, வேலை வரும்போது படுத்துக்கொள்வதால். அதையும் எழுதிக்கொண்டாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். நான் தேன்குழாய் என்று பெயர் வைத்தேன். ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி ஒருநாள் என் வீட்டுக்காரரை நிறுத்தி, உங்கள் கணக்குப் பிரிவுப் பெண் எவ்வளவு மரியாதையாகப் பணம் கேட்கிறாள், பெரியப்பாவுக்கு இப்போது உடம்பு தேவலையா என்று விசாரித்தார். இவர் பூரித்துப் போய் வீட்டுக்கு வந்தார். யாரோ ஒருத்தி நம் பெயரில் பேசி நம்மிடமே கூலி வாங்குகிறாள், இதில் பூரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். எனக்கு வியாபார நாகரிகம் தெரியவில்லை என்றார்.

ஒரு நாள் எனக்கே போன் வந்தது. எங்கள் தலைவருடைய சோப்புத்தூள் கம்பெனியின் கணக்குப் பிரிவாம், போன மாத சோப்புக்குப் பணம் எப்போது வரும் என்று கேட்டது. குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கொஞ்ச நேரம் பேச விட்டேன்.

"எல்லாம் கேட்டீங்க, பெரியப்பாவ மட்டும் விசாரிக்கவே இல்லையே?" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு தேன் கொஞ்சம் இறங்கி, "அக்கா, நான் இப்ப சோப்புக் கம்பெனி. தயவுசெஞ்சு குழப்பிவிடாதீங்க," என்றது.

பொது நன்மைக்காகத் தூக்கம் கெட்ட தலைவரும் அங்கேதான் விற்றிருக்கிறார். யார் யார் என்று மேலும் கேட்டேன். சொன்னால் வேலை போய்விடும் என்று மழுப்பியவள், வாய் பொறுக்காமல் ஒன்றை மட்டும் சொன்னாள். எங்கள் சங்கம் ஊர்வலத்துக்கு அடித்த பேனர் இருக்கிறதே, அந்தக் கம்பெனியை ஒழுங்குபடுத்தச் சொல்லும் பேனர், அதை அடித்துக் கொடுத்த அச்சகத்துக்காரர் அதன் பில்லையும் அவர்களிடமே விற்றுவிட்டாராம். அதற்குப் பணம் கேட்டு அடுத்த வாரம் அவள் சங்கத்துக்கு போன் செய்யவேண்டுமாம். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

ஊர்வலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முகம் தெரியக்கூடாது என்பதற்காக பேனரை ஆள் உயரத்துக்கு அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நாற்பது முதலாளிகள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டு மெயின் ரோட்டில் நடந்தார்கள். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் இரண்டு பேர் டிராபிக் கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒரு நல்லது நடந்தது. மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்றை அரசாங்கம் போட்டது. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து சொன்னால், விசாரணை முடியும்வரை அவருடைய சொத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு போடும் அதிகாரமும் கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு இடி விழுந்தது. ஒரு வண்டி விரிப்பில் கறை போகவில்லை என்று ஆஸ்பத்திரி ஒரு பில்லைத் திருப்பியது. திரும்பிய பில்லைக் காரணம் காட்டி பைனான்ஸ் கம்பெனி ஒப்பந்தத்தையே முறித்து, மொத்தத் தொகையையும் விடுவிப்புக் கட்டணத்தையும் மாதக் கடைசிக்குள் கேட்டது. இல்லாவிட்டால் வீடு.

நானும் என் வீட்டுக்காரரும் ஈரவிரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதறியபடியே சண்டை போட்டோம். கமிட்டி முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். கமிட்டியில் ஒருவர் யார் தெரியுமா என்றார். பில்லுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் தரப்புக்கும் ஒரு ஆள் வேண்டுமென்று, அதே ஆஸ்பத்திரிக் கொள்முதல் அதிகாரியை உட்கார வைத்திருந்தார்கள். அங்கே எழுந்து நின்றால் ஆஸ்பத்திரி போய்விடும். நிற்காவிட்டால் வீடு போய்விடும்.

"ஆஸ்பத்திரி போனா சோறு எங்க இருந்து வரும்?" என்றார்.

"வீடு போனா அந்தச் சோற எங்க உக்காந்து திம்பீங்க?" என்றேன்.

விரிப்பை என் கையில் விட்டுவிட்டுப் போனார். மானம் போனால் வராது என்று கதவருகில் முணுமுணுத்தது கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது. மானத்துக்கு மாதக் கட்டணம் கட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேனே என்று நினைத்து, ஒரு விரிப்பு முழுவதையும் முகத்தில் வைத்து அழுதேன். பிறகு அதை மறுபடி துவைக்கப் போட்டேன்.

விசாரணை நாளன்று மண்டபத்தில் நல்ல குளிர். மேடையில் கமிட்டி, நடுவில் ரிட்டயர் ஆன நீதிபதி, ஓரத்தில் கொள்முதல் அதிகாரி. பைனான்ஸ் கம்பெனியின் தரப்பில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பைல்களைச் சுமந்துகொண்டு ஒரு பெண். தேன்குழாய்தான். மடியில் ஒரு பெரிய ரெக்சின் பையை அணைத்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பை அவ்வப்போது லேசாக உறுமியது. போன்கள். ஒரு நாள் வேலை நின்றாலும் வசூல் நின்றுவிடும் என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் தலைவர் அரைமணி நேரம் பேசினார். சிறு தொழில், முதுகெலும்பு, வியர்வை என்று எல்லாம் வந்தது. கடைசியில் நீதிபதி, உங்கள் உறுப்பினர்களில் பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டார். உறுப்பினர்களில் இல்லை, தெரிந்தவர்களில் என்றார் தலைவர். அந்தத் தெரிந்தவர்கள் எங்கே என்றார் நீதிபதி. அவர்களுக்கு இன்று வேலை இருக்கிறது என்றார் தலைவர். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையில் அப்படி என்ன இருந்ததோ.

கோட்டுக்காரர் எழுந்தார். தங்கள் வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அத்தனை பேரும் திருப்தியாக இருக்கிறார்கள், அடிபட்டேன் என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லாத விஷயத்துக்குச் சட்டம் எதற்கு என்று மூன்று வாக்கியத்தில் முடித்தார். நீதிபதி பேனாவை மூடினார். நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"நான் இருக்கேன். அடிபட்டது நான்தான். எங்க பில்லெல்லாம் இவங்ககிட்டதான் வித்திருக்கோம். இப்ப என் வீட்டக் கேக்குறாங்க."

கொள்முதல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோட்டுக்காரர் அசரவில்லை. இந்த அம்மாவைத் தனக்குத் தெரியாது, வாடிக்கையாளர் யார் என்பது ரகசியம், வெளியில் காட்ட ஒப்பந்தத்திலேயே தடை இருக்கிறது, ஆகவே இதற்கு நிரூபணம் இருக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார். ரகசியத்துக்கும் நான்தான் கட்டணம் கட்டியிருந்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. கைப்பையிலிருந்து எங்கள் பில் ஒன்றை எடுத்து, அதன் கீழே கணக்குப் பிரிவு என்று போட்டிருந்த நம்பரை அழுத்தினேன்.

ரெக்சின் பை பாடியது. அந்தப் பெண்ணுக்குப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. யோசிக்காமல் பைக்குள் கையை விட்டு, சரியான போனை எடுத்துக் காதில் வைத்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தேன் ஒழுகச் சொன்னாள்: "வணக்கம், சலவை நிலையம், கணக்குப் பிரிவு. சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

"பெரியப்பாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

கொள்முதல் அதிகாரியின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவருக்குத் தெரிந்த பெரியப்பா, அவருக்குத் தெரிந்த குரல். கோட்டுக்காரர் திரும்பி அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். போனை வை என்று பல்லைக் கடித்தார். வைத்தாள். உடனே இன்னொரு போன் அடித்தது. பின்வரிசையில் அச்சகத்துக்காரர் தன் கணக்குப் பிரிவு நம்பரை அழுத்திய போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். சித்தப்பா மகனைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அட்டைப்பெட்டிக்காரர். பிறகு யார் யாரோ. பை துள்ளியது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்க ஆரம்பித்தாள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கடைசிவரை உட்கார்ந்திருந்தது எங்கள் தலைவர்தான். மூக்கைத் துடைப்பவர்போல் கைக்குட்டையை எடுத்தார், அதற்குள் போன் இருந்தது. மேஜையில் சோப்புத்தூள் கம்பெனி அடித்தது.

"இதுல எத்தன பேரும்மா வேல பாக்குறீங்க?" என்று நீதிபதி அவளைக் கேட்டார்.

"எல்லாமே நான்தான் சார்," என்றாள், அப்போதும் மரியாதையாக.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை என் வீட்டை யாரும் தொடக்கூடாது. சட்டம் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். கமிட்டி ஒரு துணைக் கமிட்டி போட்டிருக்கிறது, அது ஒரு வரைவுக்கான வரைவைத் தயாரிக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு விதி மட்டும் அமலுக்கு வந்திருக்கிறது. பைனான்ஸ் கம்பெனி ஆள் போன் செய்தால் தான் பைனான்ஸ் கம்பெனி என்று சொல்லியாக வேண்டும். தேன்குழாய் இப்போது அப்படித்தான் ஆரம்பிக்கிறாளாம், அதற்குள் எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்களாம். சங்கத்தில் தலைவர், இந்தப் போராட்டம் தன் சொந்த ரத்தத்தில் எழுதியது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மறுநாளே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எதிர்பார்த்ததுதான். கேட்டு வாங்கிய லாட்ஜ் துணிக்குப் பாதி மெஷின்களே போதும், இஸ்திரிப் பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. பெரியப்பா இருமாமல் கிடந்ததைப் பார்க்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்து நிம்மதியாகியிருப்பேன். வீடு இருந்தது, அதில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் வாரம் போன் அடித்தது. பில்லில் இருந்த நம்பரை மாற்றி என் சொந்த நம்பரைப் போட்டிருந்தேன். கொள்முதல் அதிகாரி. சுற்றி வளைத்துப் பேசினார். பில்லை விற்காத சலவைக்காரர் யாரென்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறார். ஒரே ஒருவர்தான் கிடைத்தார். அவரும் ஆபரேஷன் அங்கியை இளஞ்சிவப்பாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். விரிப்புகள் மலையாகக் கிடக்கின்றன, பில்லை விற்கக்கூடாது என்ற நிபந்தனையை எடுத்துவிடுகிறோம், சாயங்காலமே வண்டி அனுப்ப முடியுமா என்றார்.

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் பேசினேன்.

"வண்டி வரும் சார். ஆனா மூணு மாசம் கணக்கெல்லாம் இனிமே கிடையாது. துணி வந்து சேர்ந்த பதினஞ்சாவது நாள் பணம் வந்துடணும். வரலேன்னா பதினாறாவது நாள் விரிப்பு வராது."

"என்னம்மா இப்படிப் பேசுறீங்க? உங்க கணக்குப் பிரிவுல முன்னாடி இருந்த பொண்ணு எவ்வளவு மரியாதையா கேக்கும்."

"அந்த மரியாதைக்குத்தான் சார் இத்தன நாளா என் வீட்ட ஜாமீன் வெச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, பணத்தை எந்த அக்கவுண்டில் போடுவது என்று கேட்டார்.